கோலா தெர்லாவில் கேட்ட கேள்வி

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: "எங்கே போகலாம்?" கையில் கொஞ்சம் காசு உள்ளவர்கள் லங்காவிக்கும் சிங்கப்பூருக்கும் புறப்படுகிறார்கள். மற்றவர்களுக்கு இருக்கவே இருக்கிறது கேமரன் மலை. நீங்களும் ஒரு முறையாவது போயிருப்பீர்கள். போகாவிட்டால்தான் என்ன, அந்த மலைத் தேயிலையைக் கலக்கிக் குடித்துவிட்டுத்தானே இன்று காலை வேலைக்குக் கிளம்பியிருப்பீர்கள்!

நான் அந்த மலையிலேயே பிறந்தவள். அப்பாவுக்குக் கவ்வாத்து வேலை, அம்மா கொழுந்து எடுப்பவர். கல்யாணமாகி ஈப்போவுக்கு இறங்கி வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. போன விடுமுறையில் மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகள் இருவரும் வேனில் கிளம்பியபோது, "நீங்களும் வாங்கம்மா, தங்கச்சி வீடு கோலா தெர்லாவுலதானே இருக்கு" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். பெரியவனுக்கு ஒன்பது வயது. சின்னவளுக்கு ஆறு.

அந்தக் காலத்தில் மலைக்கு ஏற ஒரே வழி தாப்பா வழிதான். ஆங்கிலேயர் காலத்தில் போட்ட பாதை. வளைவு வளைவாய் ரிங்லெட் போய்ச் சேர்வதற்குள் வண்டியில் பாதிப் பேருக்கு வாந்தி வந்துவிடும். பிற்காலத்தில் சிம்பாங் பூலாயிலிருந்து இன்னொரு பாதை திறந்தார்கள். ஈப்போக்காரர்களுக்கு அது பெரிய வசதி. நேராகக் கம்போங் ராஜாவில் ஏறி, கோலா தெர்லா, திரிங்காப், கியா ஃபார்ம் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே பிரிஞ்சாங் போய்விடலாம். மலை வேறு மாநிலம், பகாங். நம்மவர்கள் பலர் இன்றும் அதைப் பேராக் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏறும்போதே பெரியவன் ஆரம்பித்துவிட்டான். தண்ணீர் போத்தலைக் காலி செய்தான், கண்ணாடியை இறக்கினான், வீசினான். பின்னால் மோட்டார் சைக்கிளில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வந்த பூர்வகுடிக்காரர் ஒருவர் சட்டென்று வண்டியை ஒடித்து ஓரம் கட்டினார். நல்ல வேளை, விழவில்லை. மருமகன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "டேய்!" என்றார். அவ்வளவுதான். பையன் சிரித்தான். மகள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சும்மா இருந்தேன். வாய் நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். மகள் வீட்டில் இருக்கும் பாட்டிமார்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு கிளினிக்கில் காத்திருந்தபோது, ஒரு பையன் நாற்காலியை உதைத்துக்கொண்டு ஓயாமல் கத்தினான். எல்லோரும் முகம் சுளித்தார்கள். நான் மட்டும் பெரிய மனுஷியாக எழுந்து போய், "பிள்ளையை அடக்கி வளர்க்கத் தெரியாதா?" என்று அந்தத் தாயைக் கேட்டுவிட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. "ஆட்டிசம் உள்ள பிள்ளைங்க. சத்தமும் கூட்டமும் இவனுக்குத் தாங்காது. நான் என்ன செய்ய?" என்றார். கண்ணில் நீர் நின்றது. அன்று வாயை மூடியவள்தான். ஊரார் பிள்ளைக்கு மூடிய வாயைச் சொந்தப் பேரனுக்கும் சேர்த்து மூடிவிட்டேன். அது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள்.

நேரே கோலா தெர்லாவில் இறங்காமல், முதலில் கியா ஃபார்ம் சந்தைக்குப் போனோம். விடுமுறை நாளில் அந்தச் சாலையை நீங்கள் பார்க்க வேண்டும்! வண்டிகள் நகர்வதில்லை, நத்தை தேவலை. அவித்த சோளம், சர்க்கரைவள்ளி, தேன், கள்ளிச் செடி, பெட்டி பெட்டியாய் ஸ்ட்ராபெரி. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஒரு பொடியன் காலிஃபிளவர் குவியலில் ஏறி நின்றான். இன்னொருத்தி கள்ளிச் செடியின் முள்ளைக் கிள்ளிப் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டினாள். (அதற்கு அவள் அப்பா கடைக்காரரைத் திட்டினாரே, அதுதான் வேடிக்கை.)

எங்கள் வீட்டுச் சின்னவள் ஒரு பெட்டியில் இருந்த ஸ்ட்ராபெரிகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். ஐந்தாறு பழம் நசுங்கிவிட்டது. கடையில் இருந்த வயதான சீனத்தி கத்தவில்லை, முறைக்கவும் இல்லை. அந்தப் பெட்டியை எடுத்துப் பையில் போட்டு மகளிடம் நீட்டி, "பாயார்" என்றார், அவ்வளவே. மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "சின்னப் பிள்ளைதானே, தெரியாம செஞ்சது!" என்று மலாயில் வாதாடிப் பார்த்தாள். கிழவி கையை நீட்டியபடியே நின்றார். 15 வெள்ளி கொடுத்துவிட்டு வந்து வேனில் அமர்ந்து, "இந்த ஊர்க்காரங்களுக்கு மனசே கிடையாது" என்றாள்.

எனக்கென்னவோ அந்தக் கிழவிதான் அன்று பார்த்தவர்களிலேயே நியாயமாக நடந்துகொண்டார் என்று பட்டது. பிள்ளையைத் தொடவில்லை, வையவில்லை, தாயை அவமானப்படுத்தவில்லை. நசுக்கியதற்குக் காசு, கணக்கு முடிந்தது. ஆனால் ஒன்று பாருங்கள், அந்தக் கணக்கில் பிள்ளைக்குப் பங்கே இல்லை. நசுக்கினது அவள், கொடுத்தது அம்மா. போகும் வழியெல்லாம் அந்த நசுங்கிய பழங்களைத் தின்றவளும் அவளேதான்.

சாயங்காலம் கோலா தெர்லா வந்து சேர்ந்தோம். பெரிய ஊர் இல்லை. சாலை ஓரமாகக் கடைகள், வளைவுக்கு வளைவு லாரிகள், சரிவு முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். கோலா என்றால் ஆறு சேரும் வாய். தெர்லா ஆறு தெலோம் ஆற்றோடு கலக்கும் பக்கம் என்பதால் அந்தப் பெயர். இங்கே ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் உண்டு. மேலே வருகிறவர்கள் கால்வாயில் எறியும் போத்தலும் பிளாஸ்டிக் பையும் எங்கே போகும் என்று தங்கை வீட்டுக்காரரைக் கேட்டேன். "எங்க போகும் அண்ணி? ஆத்துக்குத்தான்" என்றார். தெலோம் ஆற்று நீரைச் சுரங்கம் வழியாகப் பெர்த்தாம் பக்கம் திருப்பித்தான் 1960-களிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். ரிங்லெட் ஏரியில் மண்ணும் குப்பையுமாகச் சேர்ந்து, தூர் வாருவது ஓயாத வேலையாகிவிட்டது. 2013 அக்டோபரில் அந்த அணையிலிருந்து திறந்த நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமாகி உயிர்களைக் கொண்டுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். அது ஒரு பிள்ளை எறிந்த போத்தலால் வந்ததல்ல. மலையைச் சிரைத்து மண்ணைச் சரியவிட்ட பெரியவர்களின் கைங்கரியம்தான் அதில் அதிகம். ஆனாலும் அன்று இரவு, சிம்பாங் பூலாய் பாதையில் பறந்த அந்தப் போத்தல் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

மறுநாள் காலை. பனி விலகவில்லை, குளிர் எலும்பைக் கிண்டியது. "தேயிலைச் செடிக்கு நடுவுல நின்னு போட்டோ எடுக்கணும்" என்றாள் மகள். கோலா தெர்லாவைச் சுற்றிக் காய்கறிதான் அதிகம். தேயிலை வேண்டுமென்றால் சுங்கை பாலாஸ் பக்கம் போக வேண்டும், இல்லை கம்போங் ராஜா தாண்டிப் புளூ வேலிப் பக்கம் ஏற வேண்டும். நாங்கள் போனது எந்தத் தோட்டம் என்பது வேண்டாம். சாலையோரச் சரிவு, ஏற்கெனவே நாலைந்து கார்கள் நின்றிருந்தன.

தேயிலையைப் பற்றித் தெரியாத பட்டணத்து வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. இந்த மலைக்குப் பெயர் கொடுத்த வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் வந்தது 1885-இல். ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, கோவேறு கழுதையும் மனிதத் தோளும் சுமந்து போட்ட தோட்டம். அந்த முதல் நடவுச் செடிகளில் பல இன்றும் கொழுந்து கொடுக்கின்றன. தேயிலை உண்மையில் மரமாக வளரக்கூடியது. அதை இடுப்பளவில் வெட்டி வெட்டி, மேல்பக்கம் மேசை போலச் சமமாக வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் மட்டம். அந்த மட்டத்தில்தான் கொழுந்து துளிர்க்கும். ஒரு முறை எடுத்தால் அடுத்த கொழுந்துக்கு ஏறத்தாழ மூன்று வாரம். நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து காய்ந்தால்தான் ஒரு கிலோ தூள். எடுப்பவருக்குக் கூலி நிறுவையைப் பொறுத்தது. ஆகவே மட்டத்தில் ஒருவர் ஏறி மிதித்துக் கிளை ஒடிந்தால், அந்த இடம் அடுத்த நிறுவையில் குறையும். செடி மறுபடி மட்டத்துக்கு வரப் பல மாதம் ஆகலாம்.

இதெல்லாம் என் மகளுக்குத் தெரியாது. நான் சொல்லித் தந்ததில்லை. தோட்டத்துப் பேச்சே வேண்டாம், பிள்ளைகள் படித்து முன்னேறட்டும் என்று நானே அதை ஒளித்து வைத்தேன்.

பெரியவன் என்ன செய்தான் தெரியுமா? நிரைக்குள் நடக்கவில்லை. செடியின் மேலேயே தாவி ஏறி, ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்குக் குதித்தான். மெத்தை மாதிரி இருக்கிறதாம்! அதைப் பார்த்து மற்றக் கார்களின் பிள்ளைகளும் ஏறின. மருமகன் படம் பிடித்தார். "இன்னொரு தடவை குதி!" என்றார். கிளைகள் முறியும் சத்தம் எனக்கு மட்டும் கேட்டதோ என்னவோ.

நிரையில் ஓர் இளைஞன் கத்தரியும் பையுமாக நின்றிருந்தான். வங்காளதேசத்துப் பிள்ளை. இப்போது மலைத் தோட்டங்களில் அவர்களும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும்தான் அதிகம். அவன் எங்களைப் பார்த்தான், செடியைப் பார்த்தான், கீழே குனிந்து வேலையைத் தொடர்ந்தான். சுற்றுலாக்காரரை ஏன் என்று கேட்டு வம்பில் மாட்டிக்கொள்ள அவனுக்கென்ன பைத்தியமா? அவனும் என்னைப் போலத்தான் வாயை மூடியிருந்தான். ஆனால் அவனுக்கு நல்ல காரணம் இருந்தது.

அப்போது மேல் நிரையிலிருந்து ஓர் அம்மாள் இறங்கி வந்தார். அறுபதைத் தொட்ட வயது. தலையில் துண்டு, இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றிக் கட்டியிருந்தார், காலில் ரப்பர் பூட்ஸ். தமிழர். என் பேரனுக்கு நேராக வந்து நின்றார். கையை ஓங்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"யாரு வீட்டுப் புள்ள நீ?"

எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது, குளிரால் அல்ல. நாற்பது ஐம்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கிறேன். தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு அது தெரியும். லயத்தில், கோயில் வாசலில், பெரட்டுக் களத்தில், எங்கே குறும்பு செய்தாலும் முதலில் வருவது அந்தக் கேள்விதான். பதில் சொன்னால் போதும், நீங்கள் வீடு போய்ச் சேருமுன் செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். ஆயாக் கொட்டகையில் எல்லாப் பிள்ளையையும் ஒரே ஆயா பார்த்ததால், எந்தப் பிள்ளையை யார் கேட்பது என்ற வரம்பே கிடையாது.

பேரன் முழித்தான். "ஈப்போ" என்றான்.

"ஊரக் கேக்கல தம்பி. யாரு வீட்டுப் புள்ளன்னு கேட்டேன்."

மகளும் மருமகனும் அசையவில்லை. மற்றக் கார்க்காரர்கள் தத்தம் பிள்ளைகளை மெல்ல இறக்கிக்கொண்டு நழுவினார்கள். நான்தான் முன்னால் போனேன். "எம் பேரன்தான் அக்கா. மன்னிச்சிருங்க. நானும் தோட்டத்துப் பிள்ளைதான்."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தோட்டத்துப் பிள்ளையா? அப்ப நீங்க பாத்துக்கிட்டா நின்னீங்க?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாசகர்களே, உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

அவர் பேரனை இறங்கச் சொல்லி, முறிந்த கிளை ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "இதுல இருக்குறது எத்தன கொழுந்துன்னு எண்ணு." அவன் எண்ணினான். பதினொன்று. "இந்தச் செடிய எங்கம்மா எடுத்தாங்க. இப்ப நான் எடுக்குறேன். போ, பாத்து நட" என்று சொல்லிவிட்டு நிரைக்குள் ஏறிப் போய்விட்டார். நிறுவைக்கு நேரமாயிருக்கும்.

வேனில் பெரிய சண்டை. "நாலு பேருக்கு முன்னால எம் புள்ளைய ஒரு கூலிக்காரம்மா கேள்வி கேக்குறா, நீங்க போயி மன்னிப்புக் கேக்குறீங்க! அவனுக்கு எவ்வளவு அவமானமா இருக்கும்?" என்றாள் மகள். கூலிக்காரம்மா! அவளுடைய பாட்டியும் அந்தக் கூடையைச் சுமந்தவர்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மருமகன் வானொலியைச் சத்தமாக வைத்தார்.

ஆனால் ஒன்று சொல்வேன். அந்தக் காலம் பொற்காலம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எங்கள் தோட்டத்தில் மாதம் ஒரு முறை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். எனக்கு ஒன்பது வயதிருக்கும், என் பேரனின் வயது. படத்தில் கதாநாயகி அழுதுகொண்டிருந்தபோது, நானும் இன்னும் மூவரும் இயந்திரத்து ஒளிக்கு முன்னால் கையை நீட்டி முயலும் நாயும் காட்டினோம். கதாநாயகியின் மூக்கில் நாய் குரைத்தது. திடலே சிரித்தது. எங்களில் ஒருவன் கிராணி வீட்டுப் பையன். மண்டோர் வந்து "யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டார். மூன்று பேருக்குப் பிரம்படி. மறுநாள் என் அப்பாவுக்குப் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் வசவு. கிராணி வீட்டுப் பையனுக்கோ அன்றிரவு முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அந்தக் கேள்விக்கு அப்படியும் ஓர் அர்த்தம் இருந்தது. யார் வீடு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்வார்கள். என் மகள் தன் பிள்ளையை மற்றவர் கேட்கக் கூடாது என்பதில் ஒரு பழைய வலியும் கலந்திருக்கலாம். அவள் பட்டதல்ல, என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

பிள்ளைகளின் பொது இடத்து நடத்தை இன்று நேற்றுக் கவலையல்ல. 1970-இல் நாட்டுக் கோட்பாடு வந்தபோதே அதன் ஐந்தாவது கோட்பாடாக நன்னடத்தையும் ஒழுக்கமும் சேர்ந்துவிட்டன. நம் பிள்ளைகள் பள்ளிச் சபைகூடலில் அதை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். பக்கத்துச் சிங்கப்பூரில் 1979-இல் பண்பாட்டு இயக்கம் தொடங்கி, 1982-இல் சிங்கா என்ற சிங்கப் பொம்மையை அதற்குச் சின்னமாக்கினார்கள். 2013-இல் அந்தச் சிங்கமே களைத்துப் போய் வேலையை விடுவதாகக் கடிதம் எழுதியதாக விளம்பரம் செய்தார்கள்! இங்கே 2005-இல் நல்லொழுக்க இயக்கம் நடந்தது. இப்போது சட்டமும் வந்துவிட்டது: 2026 ஜனவரி 1 முதல், பகாங் உள்ளிட்ட சில மாநிலங்களில் பொது இடத்தில் குப்பை எறிந்து குற்றவாளியானால் 2,000 ரிங்கிட் வரை அபராதம், அதோடு 12 மணி நேரம் வரை சமூகச் சேவை செய்யும்படியும் நீதிமன்றம் உத்தரவிடலாம். சாலையையோ கால்வாயையோ நாமே கூட்ட வேண்டி வரும்.

சட்டம் நல்லதுதான். ஆனால் தேயிலைச் சரிவில் எந்த அதிகாரி வந்து நிற்பார்? அங்கே இருந்தது அந்த அம்மாள் ஒருவர்தான். அவரைப் போன்றவர்கள் இன்னும் எத்தனை வருடம் அந்த நிரையில் இருப்பார்கள்? அவர்கள் இறங்கிப் போன பிறகு அந்த வங்காளதேசத்துப் பையன் கேட்பான் என்று நினைக்கிறீர்களா? கேட்டால்தான் நாம் விடுவோமா?

மலையை விட்டு இறங்கும்போது பேரன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முறிந்த கிளையைச் சட்டைப் பைக்குள் செருகி வைத்திருந்தான், இலை வாடிப்போயிருந்தது. அம்மாவுக்குக் கேட்காத குரலில், "பாட்டி, உங்கம்மாவும் அந்த மாதிரி பூட்ஸ் போடுவாங்களா?" என்றான்.

"அப்ப ஏது பூட்ஸ்? வெறுங்கால்தான். அட்டை கடிக்கும்."

"அட்டை கடிச்சா என்ன பண்ணுவாங்க?"

சுண்ணாம்பு வைப்பார்கள் என்றேன். அதற்குப் பிறகு சிம்பாங் பூலாய் வரும்வரை கேள்வி மேல் கேள்வி: எத்தனை கிலோ, எவ்வளவு காசு, மழை பெய்தால் என்ன செய்வீர்கள், உங்கள் வீடு எங்கே இருந்தது. முன் இருக்கையில் இருந்த மகள் வானொலியின் சத்தத்தைக் குறைத்தாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாளா, இல்லை தலைவலியா என்று தெரியவில்லை. என்னிடம் அவள் அன்று முழுக்கப் பேசவில்லை.